கரைச்சல்: ஒரு சொல்லும் ஒரு கரையோரமும்

இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில் ஒரு நாள் தங்கும் தமிழ்நாட்டு விருந்தினர், அன்று மாலைக்குள் ஒருமுறையாவது கேட்டுவிடக்கூடிய சொல் ‘கரைச்சல்’. தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்திழுக்கும் பிள்ளை கரைச்சல் கொடுக்கிறது. தவணைப் பணம் கேட்டு வாசலில் நிற்பவன் கரைச்சல் படுத்துகிறான். கிளப்பக் கிளப்ப நின்றுவிடும் மோட்டார்ச் சைக்கிளும் கரைச்சல்தான். இருட்டிய பின் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட நேர்ந்தால், ‘உங்களுக்குக் கரைச்சல் தந்துவிட்டேன்’ என்று மன்னிப்புக் கேட்பதும் இதே சொல்லால்தான். விருந்தினர் முதலில் விழிப்பார். அவருடைய ஊரில் சர்க்கரை கரையும், புளியைக் கரைப்பார்கள், மனிதரை மனிதர் கரைப்பதென்றால், கெஞ்சிக் கூத்தாடி மனத்தை இளகச் செய்வதென்றே பொருள். இங்கோ இச்சொல் தொல்லை, தொந்தரவு, நச்சரிப்பு, இடைஞ்சல் ஆகிய அனைத்துக்கும் ஒற்றைச் சொல்லாக நிற்கிறது.

தமிழ்நாட்டாரின் வியப்பு சிறியது. அதனினும் பெரிய வியப்பு ஒன்று இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் மாவட்டத்தில், காத்திருக்கிறது. சிலாபத்துச் சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண், இடுப்பில் தொங்கும் குழந்தையைப் பார்த்து, ‘கரச்சல் கரன்ன எப்பா’ என்று அதட்டுவதைக் கேட்கலாம். அப்பெண் பேசுவது சிங்களம். ‘தொல்லை செய்யாதே’ என்பது பொருள். அவள் வாயிலிருந்து வந்த முதற் சொல் தமிழ் என்பதை அவள் அறிய மாட்டாள். அறிய வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. கொழும்பிலும் காலியிலும் கண்டியிலும்கூட இச்சொல் இன்று சிங்களச் சொல்லாகவே புழங்குகிறது. எனினும் இச்சொல்லைப் பற்றிப் பேசுவதற்குப் புத்தளம் கரையோரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் சொல்லையே சற்று நெருங்கிப் பார்ப்போம்.

எரி என்பதிலிருந்து எரிச்சல், புகை என்பதிலிருந்து புகைச்சல், குடை என்பதிலிருந்து குடைச்சல், உளை, உளைச்சல், அலை, அலைச்சல், இரை, இரைச்சல். இந்த வரிசையில் கரை, கரைச்சல். தமிழ் இலக்கணப்படி இவை யாவும் வினையடியிலிருந்து பிறந்த தொழிற்பெயர்கள். காய்ச்சல், மேய்ச்சல், விளைச்சல், பாய்ச்சல் போன்ற நல்லவையும் நடுநிலையானவையும் இக்குடும்பத்தில் உண்டு. ஆனால் மனிதன் மனிதனைப் படுத்தும் பாட்டைக் குறிக்கத் தமிழ் இந்த ஈற்றை எவ்வளவு விரும்பித் தேர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். காதில் குடைவதும் மூட்டில் உளைவதும் கண்ணில் எரிவதும் உடலின் வேதனைகள். அந்த வேதனைச் சொற்களை எடுத்துத்தான் அயலானின் தொல்லைக்கும் பெயராக வைத்தோம். தமிழ்நாட்டில் ‘குடைச்சல் கொடுக்கிறான்’ என்று சொல்லும் இடத்தில் இலங்கையில் ‘கரைச்சல் கொடுக்கிறான்’ என்கிறார்கள். வாக்கிய அமைப்பு ஒன்றே. வினையடி மட்டும் வேறு. தமிழில் தொல்லை என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் படுவது. கொடுத்தல், தருதல், படுத்துதல் என்ற துணைவினைகள் இன்றி இந்தச் சொற்கள் நடப்பதேயில்லை.

கரை என்ற அடிக்கு எப்படி இந்தப் பொருள் வந்தது? கரைதல் என்பதற்குத் தமிழில் இரு பெரும் பொருள்கள் உள. நீரில் உப்புப் போல உருவழிந்து போவது ஒன்று. ஒலித்தல், அழைத்தல், அழுதல் என்பது மற்றொன்று. காகம் கரைவது இந்த இரண்டாம் பொருளில். காகம் தனக்குக் கிடைத்த உணவை மறைக்காமல் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் பண்பை வள்ளுவர் போற்றும் குறளிலும் இவ்வினையே அமைந்திருக்கிறது. முதற் பொருளிலிருந்து வந்ததெனக் கொண்டால், ‘என்னைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறான்’ என்பது போன்ற ஒரு கருத்து அடியில் கிடக்கிறது. இரண்டாம் பொருளிலிருந்து வந்ததெனக் கொண்டால், காதருகே ஓயாது கத்துவதே தொல்லையின் பெயராயிற்று. எரிச்சல், குடைச்சல் என்ற உடல்வேதனைச் சொற்களின் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கையில் முதல் வழியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் முற்றத்து முருங்கையில் அமர்ந்து கரையும் காகத்தைப் பகல் முழுதும் கேட்டவர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தால் அவர்களோடு நான் வழக்காட மாட்டேன். கடற்கரைக்கும் கரைச்சலுக்கும் உறவு கற்பிக்கும் வேடிக்கைப் பேச்சு ஒன்றும் உண்டு. கேட்கச் சுவையானது; அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

தொல்லை என்ற சொல்லின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. தொல் என்றால் பழமை. பழைய நூல்களில் தொல்லை என்றால் பழமை, முற்காலம். அது எவ்வாறோ இன்று துன்பமென்று பொருள்படுகிறது. இம்சை வடமொழியிலிருந்து வந்தது. கொலையும் வதையுமாக இருந்த கனத்த சொல், ‘இம்சை தாங்க முடியவில்லை’ என்று நண்பனைக் கடிந்துகொள்ளும் அளவுக்கு இளைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘ஆக்கினை’ என்று ஒரு சொல் உண்டு. ஆணை, அரச கட்டளை, தண்டனை என்றெல்லாம் பொருள்பட்ட வடசொல் அது. கிறிஸ்தவ வேதாகமத் தமிழில் ஆக்கினைத் தீர்ப்பு என்று அச்சமூட்டும் கம்பீரத்துடன் நிற்கும் அச்சொல், யாழ்ப்பாணத்துத் திண்ணையில் ‘இந்தப் பெடியனின் ஆக்கினை தாங்க முடியவில்லை’ என்று இறங்கி வந்துவிடுகிறது. ‘அலுப்பு’ என்றால் தமிழ்நாட்டில் களைப்பு; ஈழத்தில் ‘அலுப்புக் கொடுக்காதே’ என்றால் தொந்தரவு செய்யாதே. பெரிய துன்பங்களின் பெயர்களைச் சிறிய தொல்லைகளுக்கு இரவல் வாங்குவது எல்லா மொழிகளுக்கும் வழக்கம்தான். இந்த இரவலால் வரும் சிக்கலைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்க்க வேண்டியிருக்கும்.

இனிச் சிங்களத்துக்கு வருவோம். சிங்களத்தில் தமிழ்ச் சொற்கள் ஏராளம். கடையைக் ‘கடே’ என்பார்கள், காசு ‘சல்லி’, கப்பல் ‘கப்பல’, கூலி ‘குலிய’, உதவி ‘உதவ்வ’, இலக்கம் ‘இலக்கம’. அக்காவும் மச்சானும் இரு மொழிக்கும் பொது. இவற்றுள் பெரும்பாலானவை வணிகம், கடல், உறவு, அரச வருவாய் ஆகிய துறைகளைச் சேர்ந்தவை. கரைச்சல் மட்டும் எந்தத் துறையையும் சேராதது. ஒருவரோடொருவர் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒருவர் மீது ஒருவர் சலித்துக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய இடத்தில்தான் இத்தகைய சொல் கைமாறும்.

அது எவ்வழியாகக் கைமாறியது என்பதற்குச் சொல்லின் ஒலியே சான்று. ஏட்டில் ‘கரைச்சல்’ என்று எழுதினாலும், நாம் எவரும் நடுவில் நிற்கும் ஐகாரத்தை முழுதாக ஒலிப்பதில்லை. ‘கரச்சல்’ என்றே சொல்கிறோம். சிங்களத்திலும் அது கரச்சல்தான். சொல்லின் இறுதியில் வரும் ஐகாரம் நம் பேச்சில் எகரமாவதால் கடை ‘கடெ’ ஆகிறது, சிங்களத்தில் ‘கடே’. இரண்டும் பேச்சுத் தமிழின் வடிவங்கள். அதாவது எந்தப் பண்டிதரும் எந்த ஏட்டிலிருந்தும் இவற்றை எடுத்துக் கொடுக்கவில்லை. காதால் கேட்டு வாயால் சொன்னவர்கள் கொடுத்தவை. தமிழில் ‘கொடுக்க’ப்படும் கரைச்சல், சிங்களத்தில் ‘கரனவா’ என்ற வினையோடு சேர்ந்து ‘செய்ய’ப்படுகிறது. கரச்சல் கரனவா என்று மோனையும் அமைந்துவிட்டதால் சிங்களர் காதுக்கு அது சொந்தச் சொல்லாகவே ஒலித்திருக்கும்.

புத்தளம் கரைக்கு இப்போது வரலாம். நீர்கொழும்புக்கு வடக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் வென்னப்புவ, மாரவில, சிலாபம், முன்னேசுவரம், உடப்பு, முந்தல், புத்தளம், பின்னர் குடாவுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டி. மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபின் பதூதா 1344ஆம் ஆண்டு வந்திறங்கிய ‘பத்தாலா’ என்ற பட்டினம் இந்தப் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. அங்கே அவர் சந்தித்தது ஆரியச் சக்கரவர்த்தியை. அதாவது யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னனை. அதற்கடுத்த நூற்றாண்டில் கோட்டையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு, முன்னேசுவரம் கோயில் அந்தணர்களுக்கு நிலம் வழங்கியதைக் கல்லில் பொறித்தபோது தமிழையும் வடமொழியையும் பயன்படுத்தினான். சிங்கள அரசனின் தமிழ்ச் சாசனம் என்று இன்று நாம் வியக்கிறோம். அக்காலத்தில் அதில் வியக்க ஒன்றும் இருந்திருக்காது. கரையில் வாழ்பவர்களுக்குப் புரிய வேண்டிய மொழியில் எழுதினான், அவ்வளவே. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்தது. இன்றும் அங்கே தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இக்கரையில் மொழி நிலை எவ்வாறிருந்தது என்பதற்கு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் நல்ல சான்று. 1676இல் கோவாவில் பிறந்து 1742இல் இலங்கையில் மறைந்த அந்தக் கத்தோலிக்கக் குரு, ஒல்லாந்தர் கெடுபிடிக்கிடையே மறைந்து திரிந்து பணியாற்றியவர். தம் மக்களுக்காக அவர் சிங்களத்திலும் எழுதினார், தமிழிலும் எழுதினார். இயேசுவின் பாடுகளைப் பற்றிய தியானங்களை இரு மொழியிலும் ஆக்கினார். ஒரே குருவின் மந்தை இரு மொழி பேசியது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கற்பிட்டி நமக்குத் தந்த பெரியவர் சைமன் காசிச்செட்டி. 1807இல் அங்கே பிறந்தவர். 1834இல் அவர் வெளியிட்ட ‘சிலோன் கெசற்றியர்’ இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகரவரிசையில் விவரித்த முன்னோடி நூல். 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தது. சட்டசபை உறுப்பினராகவும் நீதிபதியாகவும் இருந்தார். 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற இதழையும் தொடங்கினார். எங்கள் தொழிலின் மூத்த பாட்டன் என்ற முறையில் அவர் மீது எனக்குத் தனிப்பற்று உண்டு. தமிழ்ப் புலவர் வரலாற்றை முதன்முதலில் தொகுத்த முயற்சிகளுள் ஒன்று யாழ்ப்பாணத்தாருடையதன்று, சென்னையாருடையதுமன்று, கற்பிட்டிக்காரர் ஒருவருடையது. இதைச் சொன்னால் இன்று பலர் நம்ப மறுக்கிறார்கள். புத்தளம் என்றதும் உப்பும் சீமெந்தும் நுரைச்சோலை அனல் மின் நிலையமும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழ் நினைவுக்கு வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதற்கான விடை இருபதாம் நூற்றாண்டில் இருக்கிறது. நீர்கொழும்பு முதல் சிலாபத்துக்கு அப்பால் வரை கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பல, சில தலைமுறைகளுக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. வெளியார் வந்து குடியேறியதால் மட்டும் நேர்ந்த மாற்றம் அன்று இது. அதே வீடு, அதே தொழில், அதே மாதா கோயில். பேச்சு மட்டும் மாறியது. சிலாபம் மறைமாவட்டம் 1939இல் அமைந்தது. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை சிங்கள இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையுடையவர், வரலாற்றறிஞர். அவர் காலத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளில் சிங்களவழிக் கல்வி ஊக்குவிக்கப்பட்டது. தாயும் தந்தையும் தமிழில் பேசிக்கொள்ள, பிள்ளை சிங்களத்தில் எழுத்தறிந்தது. அதன் பிள்ளை தமிழே அறியாமல் வளர்ந்தது.

ஆயர் ஒருவரை மட்டும் குறை கூறுவது எளிது, நியாயமாகாது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958இல் கலவரம். 1983இல் அதனினும் கொடிய கலவரம். எந்த மொழியில் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும், எந்த மொழியில் பேசினால் பேருந்தில் அச்சமின்றிப் போகலாம் என்று கணக்குப் பார்க்காத பெற்றோர் இருக்க முடியாது. தமிழர் நாம் இதனைத் ‘துரோகம்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். சிங்களத் தேசியம் பேசுவோர் ‘ஆதியில் அவர்கள் சிங்களவரே’ என்று எழுதி முடிக்கிறார்கள். கரையில் வாழ்ந்தவனின் நிலை இரு தரப்பின் கட்டுரைகளிலும் இடம் பெறுவதில்லை.

மாற்றம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் நிகழவில்லை. மாவட்ட எல்லைக்குத் தெற்கே, கம்பகா மாவட்டத்திலுள்ள நீர்கொழும்பில், மீனவர் சிலரது வீட்டிலும் படகிலும் ஒரு தனித் தமிழ் எஞ்சி நிற்கிறது. ஸ்டீவன் பொன்ரா என்ற அமெரிக்க மொழியியலாளர் அதனை ஆராய்ந்திருக்கிறார். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் எவர் செய்தாலும் வினைமுற்று ஒன்றே: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. நாமோ போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிறோம். நீர்கொழும்பு மீனவர் தமிழ் அந்த விகுதிகளை உதறிவிட்டுச் சிங்களம் போலவே நடக்கக் கற்றுக்கொண்டது. சொல் தமிழ், நடை சிங்களம். நம் இலக்கண ஆசிரியர்கள் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். எனக்கு அது நான்கைந்து நூற்றாண்டுகளாக இரு மொழிகள் ஒரே படகில் சென்று வந்ததன் பதிவாகவே தெரிகிறது.

சிலாபத்துக்கு வடக்கே உடப்பு வேறொரு கதை. திரௌபதி அம்மன் கோயிலும் ஆடித் தீமிதிப்புமாக அது இன்றும் தமிழூர். கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுக்கு அவ்வூர் பேர்பெற்றது. புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும் தமிழைத் தாய்மொழியாகக் காத்து நிற்பவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் பேசியது போர்த்துக்கேயக் கலப்பு மொழி. அது இன்று வீட்டுப் பேச்சில் இல்லை. ‘மஞ்சா’ என்ற அவர்களுடைய பாட்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி புத்தளம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். அவர்களுள் எத்தனை பேரின் பாட்டனும் பாட்டியும் தமிழில் சண்டையிட்டுக் கொண்டார்கள் என்பதைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை. பாட்டி சொன்ன தாலாட்டும் செபமும் போய்விட்டன. அவள் ஏசிய சொல்லில் ஒன்று பேரப்பிள்ளையின் நாவில் இருக்கிறது. கரைச்சல் சிங்களத்துக்குப் போனது இக்கரை வழியாக மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த ஊர் எதுவும் அதன் வாயிலாக இருந்திருக்கலாம். ஆனால் அது இரு மொழிக்கும் நடுவே வேலியில்லாமல் நிற்பதை இக்கரையில் பார்ப்பது போல வேறெங்கும் பார்க்க இயலாது.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர்; அவர்களுள் பெரும்பான்மையோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. தென்னந்தோப்புகளில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. யாழ்ப்பாணத் தமிழும் மன்னார்த் தமிழும் புத்தளத் தமிழோடு ஒரே கிணற்றடியில் சந்தித்தன. முதலில் வந்தாரை வரவேற்றுச் சோறும் துணியும் கொடுத்தவர்கள் உள்ளூர் மக்கள். நாட்கள் ஆண்டுகளாயின. தண்ணீருக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலி வேலைக்கும் நெருக்கடி வந்தது. ‘அகதிகளால் கரைச்சல்’ என்று உள்ளூரார் முணுமுணுத்ததும், ‘இங்குள்ளவர்களால் கரைச்சல்’ என்று வந்தவர்கள் முணுமுணுத்ததும் பழைய செய்தி. ஊரையும் வீட்டையும் இரண்டு மணி, மூன்று மணி நேரத்தில் விட்டு ஓடி வந்தவர்களும், தங்கள் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்குகையில் ‘அங்கே கரைச்சல் வந்தது, இங்கே வந்துவிட்டோம்’ என்றே தொடங்குவார்கள். பிள்ளை சேலையை இழுப்பதற்கும் அதே சொல், பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்படுவதற்கும் அதே சொல்.

செய்தி எழுதுபவனுக்கு இது பெரும் சோதனை. யுத்த காலத்தில் வந்த கடிதங்களில் ‘இராணுவக் கரைச்சல்’, ‘இயக்கக் கரைச்சல்’, ‘பொலிஸ் கரைச்சல்’ என்று எழுதியிருப்பார்கள். ஆசிரியபீடத்தில் நாம் அதனை வெட்டிவிட்டுக் ‘கெடுபிடி’ என்றோ ‘தொந்தரவு’ என்றோ போடுவோம். பேச்சுச் சொல் ஏட்டுக்கு ஆகாது என்பது எழுதப்படாத விதி. ஆனால் கடிதம் எழுதியவர் அந்தச் சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. சித்திரவதை என்று எழுதினால் யார் செய்தது என்ற கேள்வி வரும். கடிதம் இடைவழியில் பிரிக்கப்பட்டால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கரைச்சல் என்று எழுதினால் எவரும் பிடிக்க முடியாது. அது அஞ்சியவர்களின் மறைமொழியாகவும் இருந்தது.

மென்மையான சொல் கொடுமையை மறைப்பது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் பெண்களைத் தெருவில் துன்புறுத்துவதைத் தடுக்க 1998இல் சட்டம் வந்தபோது அதன் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ என்ற சொற்றொடர் இருந்தது. மாணவி ஒருவர் உயிரிழந்த பிறகு வந்த சட்டத்துக்கு, கேலியும் சீண்டலும் குறிக்கும் பெயர். நான்காண்டுகள் கழித்து, 2002இல்தான் அதனை நீக்கிப் பெண்ணைத் துன்புறுத்துதல் என்ற பெயரைக் கொடுத்தார்கள். இலங்கையில் அதே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவரைப் படுத்தும் பாட்டைத் தடை செய்தது. அதற்கு நாம் தமிழில் வைத்திருக்கும் பெயர் பகிடிவதை. பகிடி என்றால் வேடிக்கை. வதை என்றால் வதைதான். சிங்களத்தில் ‘நவக வதய’, புதியவர் மீதான வதை. சிங்களப் பெயரில் வேடிக்கைக்கு இடமில்லை. இந்த ஒரு சொல்லில் அவர்கள் நம்மைவிட நேர்மையாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பொலிஸ் நிலையத்தில் இந்த வேறுபாடு வெறும் அகராதிச் சங்கதியாக இருப்பதில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இல்லாத நிலையங்கள் பல. நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் இக்கரையிலுள்ள ஒரு நிலையத்தில் நான் கண்ட காட்சி ஒன்று. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு விதவைப் பெண், கடன் கொடுத்தவன் இரவில் வந்து கதவை உடைப்பதாகச் சொல்ல வந்திருந்தாள். ‘ஐயா, ஒவ்வொரு நாளும் வந்து கரைச்சல் குடுக்கிறான்’ என்றாள். எழுதிக்கொண்டிருந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அச்சொல் அவருக்கும் தெரியும். தம் சிறு வயதிலிருந்து தெரியும். ‘கரச்சல் கரனவா’ என்று எழுதிவிட்டார். சட்டத்தின் கண்ணில் எடையுள்ள சிங்களச் சொல் வேறு. ‘ஹிரிஹெர’ என்று எழுதியிருந்தால் விசாரணையின் போக்கு வேறாக இருந்திருக்கும். கரச்சல் என்றால் அயலவர் சச்சரவு. இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பும் வகை. அவளையும் அவனையும் மறுநாள் காலை வரச் சொன்னார்கள்.

பக்கத்தில் நின்ற வயதான சிங்கள மீனவர் ஒருவர், வேறு வேலையாய் வந்தவர், தட்டுத் தடுமாறிய தமிழில் அவளைக் கேட்டார்: ‘மகள், என்ன செய்த எண்டு சொல்லு. கரைச்சல் எண்டு சொல்ல வேணாம். கதவு உடைச்ச எண்டு சொல்லு.’ அவள் சொன்னாள். அவர் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். எழுதுபவர் முதல் வரியைக் கோடிட்டு வெட்டிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கினார்.